கெமராவுக்கு முன்னால் யாருடைய துணிவு?

1960இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படைச் சிப்பாயாக இருந்த மார்க் கரான்ஜே, அடையாள அட்டைக்காக ஏறத்தாழ 2,000 பேரைப் படமெடுத்தார். பெரும்பாலோர் பெண்கள். முக்காட்டைக் கழற்ற வேண்டும் என்பது தளபதியின் கட்டளை. அம்முகங்களில் எரியும் சினத்தைக் கரான்ஜேயே பின்னர் எதிர்ப்பின் சாட்சியாக முன்வைத்தார். அது சரிதான். ஆனால் அதைத் தன்னம்பிக்கை என்று மெச்சினால் என்னால் ஒத்துக்கொள்ளேலாது. மறுக்க வழியில்லாதவளின் பார்வை அது.

ஈரானியப் பெண் கலைஞர் ஷாதி கதீரியானின் 'காஜார்' (1998) வரிசையை அருகில் வைத்துப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டு ஸ்டூடியோவைப் போல வரைந்த திரை, அக்கால உடை. ஒருத்தியின் கையில் பெப்சி டின். படங்களில் இருப்போர் அவரது தோழியரும் உறவினரும். முக்காடு அப்படியே இருக்கிறது. பார்வையோ நேராக நம்மையே விசாரிக்கிறது.

ஆகவே, "கொஞ்சம் சிரிங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டால் பெண்ணுக்குத் துணிவு வந்துவிடாது. படம் யார் கையில் போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரியணும். வேணாம் என்று சொல்ல அவளுக்கு இடமிருக்கணும். ஒளியும் கோணமும் அதற்குப் பிறகுதான்.