தி பியூட்டி இன்சைட்: 123 முகமும் ஒரு தயக்கமும்

தினமும் காலையில் வேறொரு உடம்பில் கண்விழிக்கும் ஒருவனைக் காதலிக்க முடியுமா? 2015-ல் வந்த 'தி பியூட்டி இன்சைட்' என்ற கொரியப் படம் கேட்கும் கேள்வி இதுதான். கேட்டதுமே பார்க்கத் தோன்றும் கதை. நான் இரண்டு தடவை பார்த்தேன். இரண்டு தடவையும் ஒரே விஷயம்தான் உறுத்தியது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துட்டு வாங்க.

வூ-ஜினுக்கு 18 வயதில் இந்த விநோதம் தொடங்குகிறது. தூங்கி எழுந்தால் புது உடம்பு. கிழவராகலாம், குழந்தையாகலாம், பெண்ணாகலாம், வெளிநாட்டவராகவும் ஆகலாம். அம்மாவுக்கும் நண்பன் சாங்-பெக்குக்கும் மட்டும்தான் விஷயம் தெரியும். யார் முகத்திலும் விழிக்காமல் செய்யக்கூடிய வேலை வேண்டும் என்பதால் மரச்சாமான் வடிவமைப்பாளன் ஆகிறான். ஒரு கடையில் வேலை பார்க்கும் யீ-சூவை (ஹான் ஹ்யோ-ஜூ) பார்த்துக் காதலில் விழுகிறான். வூ-ஜினாக 123 பேர் நடித்திருக்கிறார்கள் என்று விளம்பரம் செய்தார்கள். அதில் முக்கியமானவர்கள் 21 பேர்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியம். 2012-ல் இன்டெல், தோஷிபா இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து எடுத்த ஒரு இணையத் தொடர்தான் மூலம். லேப்டாப் விளம்பரம்! 'இன்டெல் இன்சைட்' என்ற வாசகம்தான் தலைப்புக்குள் ஒளிந்திருக்கிறது. வெளியே பெட்டி எப்படி இருந்தாலும் உள்ளே இருப்பதுதான் முக்கியம் என்று சிப் விற்பவர்கள் சொல்வது இயல்புதானே. ஆனால் அந்தத் தொடரில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பார்வையாளர்களே வீடியோ எடுத்து அனுப்பி, நாயகனின் ஒரு நாள் முகமாக நடிக்கலாம். யார் வேண்டுமானாலும் அவனாக இருக்கலாம் என்ற கருத்து கதையில் மட்டுமில்லை, எடுத்த முறையிலேயே இருந்தது.

கொரியப் படத்தின் இயக்குநர் பெக் ஜோங்-யோலும் விளம்பரத் துறையிலிருந்து வந்தவர்தான், இது முதல் படம். ஒவ்வொரு ஃபிரேமும் அழகு. இங்கேதான் பிரச்சினையும் ஆரம்பம்.

இரண்டாவது தடவை பார்க்கும்போது ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டுக்கொண்டேன். இடது பக்கம் காட்சி, வலது பக்கம் முகம். யீ-சூவிடம் முதன்முதலாகப் போய்ப் பேசி வெளியே அழைத்துப்போவது பார்க் சோ-ஜுன். காதல் கனியும் பகுதியில் லீ ஜின்-உக், சோ காங்-ஜுன் போன்றவர்கள். பிரிவைச் சொல்வது கிம் ஜூ-ஹ்யூக். கடைசியில் பிராக் நகரத்தில் மறுபடி சேர்வது யூ யோன்-சோக். எல்லாருமே கொரியத் திரையில் நாயக முகங்கள். கிம் டே-ம்யோங், பே சோங்-வூ, கிம் சாங்-ஹோ மாதிரி நல்ல நடிகர்களும் படத்தில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பெரும்பாலும் சிரிப்புக்கும், சட்டென்று கடந்துபோகும் காட்சிகளுக்கும்தான்.

வூ-ஜின் அழகான முகம் வரும்வரை காத்திருந்து அவளிடம் போவதில் தப்பில்லை. அது அவன் பயம், மனித இயல்பு. அந்த முகம் போய்விடக்கூடாதென்று மூன்று நாள் தூங்காமல் கிடக்கிறான், கடைசியில் சுரங்க ரயிலில் கண்ணயர்ந்து, வழுக்கைத் தலை நடுவயதுக்காரராக எழுகிறான். படத்தின் அருமையான இடங்களில் ஒன்று இது. சிக்கல் என்னவென்றால், உண்மை தெரிந்து அவள் அவனை ஏற்றுக்கொண்ட பிறகும் படம் அதே பயத்தை விடவில்லை. அவன் பயம் இயக்குநரின் பயமாகிவிடுகிறது. அகத்தழகைப் பேச வந்த படம், நெருக்கமான காட்சி வந்தாலே முகம் பார்த்து ஆள் எடுக்கிறது.

ஒன்றிரண்டு இடத்தில் துணிந்திருக்கிறார்கள், அதையும் சொல்லணும். அவளிடம் உண்மையை உடைக்கும் நாளில் வூ-ஜின் ஒரு பெண் (சுன் வூ-ஹீ). இன்னொரு நாள் ஜப்பானிய நடிகை உவேனோ ஜுரி. அவர் ஜப்பானிய மொழியில் பேசுகிறார், யீ-சூ கொரிய மொழியில் பேசுகிறாள், உரையாடல் தடையில்லாமல் ஓடுகிறது. ஆள் அவன்தான் என்று நமக்கே நம்பிக்கை வரும் காட்சிகள் இவை. இந்த வழியில் இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கக்கூடாதா?

படத்தின் உண்மையான பலம் யீ-சூ பக்கம் கதை திரும்பும்போது தெரிகிறது. யோசித்துப் பாருங்க, வூ-ஜினுக்கு நினைவு எதுவும் அழிவதில்லை. இழப்பு முழுக்க அவள் பக்கம்தான். எங்கள் தொழிலில் ஒன்று உண்டு: ஒரு இணையதளத்துக்குள் நுழையும் ஒவ்வொரு தடவையும் நாம் யார் என்று நிரூபிக்கணும், இல்லையென்றால் அதற்கு நம்மைத் தெரியாது. இங்கே தினமும் தன்னை நிரூபிப்பது அவன் வேலை. சரி பார்த்து, நம்பி, மறுநாள் மறுபடி முதலிலிருந்து தொடங்குவது அவள் வேலை. கூட்டத்தில் அவன் நின்றாலும் அவளால் கண்டுபிடிக்க முடியாது. கூட வேலை செய்பவர்கள், தினம் ஒருத்தனோடு சுற்றுகிறாள் என்று பேசுகிறார்கள். மாத்திரை சாப்பிடும் நிலைக்குப் போகிறாள். ஹான் ஹ்யோ-ஜூ இதைக் கத்தாமல், அழுது தீர்க்காமல் நடித்திருக்கிறார். காதல் இருந்தும் மூளையும் உடம்பும் தாங்கவில்லை என்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய காதல் படங்கள் குறைவு.

ஆனால் அந்தச் சிக்கலை அவிழ்க்காமலே பிராக்குக்கு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். தாங்க முடியாமல் போனது எப்படித் தாங்கக்கூடியதாக மாறியது? பிரிவு அதைவிட வலித்தது என்பதுதான் பதில். உணர்வாகச் சரி, கதையாகப் போதாது. வூ-ஜினின் அப்பாவுக்கும் இதே நிலை இருந்தது என்று அம்மா சொல்லும் இடம் வருகிறது. மாறும் மனிதனோடு வாழ்ந்து பார்த்த ஒரே ஆள் அந்த அம்மா. அவரையும் யீ-சூவையும் உட்கார வைத்துப் பேசவிட்டிருந்தால் பாதி பதில் அங்கேயே கிடைத்திருக்கும்.

கொரியாவில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் எடை உண்டு. வேலைக்கான விண்ணப்பத்தில் புகைப்படம் ஒட்டுவது அங்கே நெடுநாள் வழக்கம். அரசுப் பொது நிறுவனங்களில் படம் கேட்காமல் ஆள் எடுக்கும் முறை 2017-ல்தான் பரவலாக்கப்பட்டது. அப்படிப்பட்ட சமூகத்தில் முகமே நிலையில்லாத ஒருவன் கிடைத்தால் எவ்வளவு பேசலாம்! 2018-ல் ஜேடிபிசி இதைத் தொடராக எடுத்தபோது, முகம் மாறுவது நாயகிக்கு, நாயகனுக்கோ முகங்களை அடையாளம் காணவே முடியாத குறைபாடு என்று மாற்றினார்கள். முகத்தைத் தாண்டி அடையாளம் காண்பது என்ற கேள்வியைத் திரைக்கதையிலேயே வைத்துவிட்டார்கள். எனக்கு அது புத்திசாலித்தனமாகப் பட்டது.

பார்க்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஹான் ஹ்யோ-ஜூவுக்காகவே பார்க்கலாம். பார்க்கும்போது ஒன்று மட்டும் செய்து பாருங்க. பிராக் காட்சியில் யூ யோன்-சோக் நிற்கும் இடத்தில், சுரங்க ரயிலில் எழுந்த அந்த வழுக்கைத் தலைக்காரரை மனசுக்குள் நிறுத்துங்க. வசனம் ஒன்றுகூட மாற்ற வேண்டாம். யீ-சூ அதே மாதிரி அழுதுகொண்டே ஓடிவருவாள் என்று நான் நம்புகிறேன். படம் எடுத்தவர்களுக்குத்தான் அந்த நம்பிக்கை வரவில்லை.