பட்டியல் காத்த பண்பாடு

வெள்ளித்திரை பிள்ளைகளை என்ன செய்துவிடுமோ என்று அஞ்சாத பெற்றோர் எந்நாட்டிலும் இல்லை. அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். பள்ளியில் பாடம் சொல்லும் நமக்கு, இளம் உள்ளத்தில் எது பதிகிறது என்ற கவலை நன்கு புரியும். ஆனால், அச்சம் வேறு. அச்சத்தை ஆளும் அறிவு வேறு. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை அளந்து காட்டுகிறது, அமெரிக்கக் கத்தோலிக்கக் குடும்பங்களின் வரலாறு.

1930ஆம் ஆண்டு ஹாலிவுட் படங்களுக்கென ஒழுக்க விதித்தொகுப்பு ஒன்று உருவாயிற்று. அதனை வரைந்தவர்களில் ஒருவர் டேனியல் லார்டு என்னும் இயேசு சபைக் குரு. ஏட்டில் உறங்கிய விதிகளுக்கு நாட்டில் வலிவு தந்தது, 1934இல் பரவிய 'லீஜன் ஆஃப் டீசன்சி' என்னும் கண்ணிய சேனை. தீய படம் பாரோம் என்று மக்கள் கோயிலில் எழுந்து நின்று உறுதி கூறினர். பிலடெல்பியாவின் கர்தினால் டோகர்ட்டி, படக்கொட்டகைப் பக்கமே போகாதீர் என்று தம் மக்களுக்குக் கட்டளையிட்டார். 1936இல் போப் பதினோராம் பயஸ் சுற்றுமடல் விடுத்துச் சேனையைப் பாராட்டினார்.

படங்கள் தரம் பிரிக்கப்பட்டன. 'ஏ' என்றால் குற்றமற்றது. 'பி' என்றால் ஓரளவு குற்றமுடையது. 'சி' என்றால் கண்டிக்கப்பட்டது. குடும்பத் தலைவருக்கு வேலை எளிதாயிற்று. பட்டியலைப் பார்த்தால் போதும். படத்தைப் பற்றிச் சிந்திக்க வேண்டியதில்லை!

"நஞ்சை விலக்கினால் நல்லதுதானே?" என்று கேட்பர் நண்பர் சிலர். நல்லதுதான். ஆனால், நஞ்சு எது என்று தீர்ப்பளித்த ஏட்டைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போமா?

கொலையைப் பிறர் பின்பற்றத் தூண்டும் வகையில் காட்டாதே என்றது விதி, ஏற்கிறோம். குற்றத்தின்பால் பரிவு ஊட்டாதே என்றது, பொருள் உண்டு. அதே ஏட்டில், அதே மையில், வெள்ளையரும் கறுப்பரும் உறவு கொள்வதைக் காட்டலாகாது என்றும் எழுதி வைத்தனர்! கொலையை நிறுத்திய கூண்டிலேயே காதலையும் நிறுத்தினர். மாந்தர் அனைவரும் ஒரு தந்தையின் மக்கள் என்று ஞாயிறுதோறும் கேட்ட செவிகளுக்கு இது உறுத்தவில்லையா? இது எந்த வேதத்தின் கட்டளை? வேதம் தந்ததன்று, வெள்ளை நிறவெறி தந்தது. 1956இல்தான் அவ்விதி நீங்கிற்று. கலப்பு மணத்தைத் தடுத்த மாநிலச் சட்டங்களோ, 1967இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை உயிரோடிருந்தன.

தடுக்கப்பட்ட படம் மட்டுந்தான் உள்ளத்தைக் கெடுக்குமா? கறுப்பர் பெரும்பாலும் ஏவலராகவும் கோமாளிகளாகவும் வந்து போன படங்களைக் குடும்பங்கள் கூடி அமர்ந்து களித்தன. ஐயம் எழவில்லை, முத்திரைதான் இருந்ததே!

சரி, தடையேனும் வென்றதா? ரோசெலினியின் 'தி மிரக்கிள்' படத்தைக் கர்தினால் ஸ்பெல்மன் கண்டித்தார்; நியூயார்க் மாநிலம் உரிமத்தைப் பறித்தது. 1952இல் உச்சநீதிமன்றம், திரைப்படமும் கருத்துரிமைக் காப்புக்கு உரியதே என்று தீர்ப்பளித்தது. 1953இல் 'தி மூன் இஸ் புளூ' முத்திரையின்றியும் சேனையின் கண்டனத்தோடும் வெளிவந்து பணத்தைக் குவித்தது. கண்டனமே விளம்பரமாயிற்று.

காலம் திருச்சபைக்கும் பாடம் புகட்டிற்று. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஆணை, ஊடகங்களைத் தக்கவாறு பயன்படுத்த இளைஞரைப் பயிற்ற வேண்டும் என்றது. 1965இல் சேனையின் பெயரும் மாறிற்று. 1968இல் விதித்தொகுப்பே மறைந்து, வயதுக்கேற்ற தரப்பிரிப்பு வந்தது.

இன்று கொட்டகை கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது. காவல் நிற்பதற்கு வாயிலே இல்லை. இந்நிலையில் புதிய பட்டியல் கேட்டு அலையும் கிறித்தவப் பெற்றோருக்கு நாம் சொல்வது ஒன்றே: பிள்ளையோடு அமர்ந்து படத்தைப் பாருங்கள். பார்த்த பின் கேளுங்கள்: இதில் தலைவன் யார்? ஏவலன் யார்? யார் வாய் திறக்கவே இல்லை? ஏன்? அக்கேள்விகளைக் கேட்கப் பழகிய பிள்ளை, பெற்றோர் அருகில் இல்லாத வேளையிலும் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். அன்றே ஒவ்வோர் இல்லத்திலும் அவை எழுந்திருந்தால், நிறவெறி விதி 26 ஆண்டுகள் வாழ்ந்திருக்குமா?