நதாலி கிரெப்ஸின் மெருகு

டென்மார்க்கின் சாக்ஸ்போ பட்டறையில் செய்த ஜாடி ஒன்று பார்க்கக் கிடைத்தால் முதலில் அதன் தோளைப் பாருங்கள். கழுத்து முடிந்து உடல் விரியும் அந்த வளைவில்தான் வித்தை முழுவதும் இருக்கிறது. வாயின் விளிம்பில் பூச்சு மெலிந்து, அடியிலிருக்கும் மண்ணின் துருநிறம் லேசாக எட்டிப் பார்க்கும். தோளிலிருந்து இறங்க இறங்கப் பழுப்பு அடர்ந்துகொண்டே போகும். அதனூடே மயிரிழை போல வெளிர்நிறக் கீற்றுகள் கீழ்நோக்கி ஓடும். பாதத்துக்கு விரற்கடை மேலே பூச்சு சற்றே தடித்து நின்றுவிடும். அதற்குக் கீழே வெறும் மண். பூ, கொடி, வரைந்த கோடு ஒன்றுமே இல்லை. நெருப்பில் உருகி ஓடி உறைந்த பூச்சு மட்டும்தான். தொட்டால் வழவழப்பும் இல்லை, சொரசொரப்பும் இல்லை. கை அதை விட்டு வர மறுக்கிறது.

மெருகு எனப்படும் அந்தப் பூச்சைச் செய்தவர் நதாலி கிரெப்ஸ். டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரில் 1895-ல் பிறந்தவர். அவர் படித்தது ஓவியமோ சிற்பமோ அல்ல, வேதிப் பொறியியல். பெண்கள் பொறியியல் படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், 1919-ல் பட்டம் பெற்றார். உடனே கோபன்ஹேகனின் பெயர்பெற்ற பீங்கான் ஆலையான பிங் அண்ட் குரோன்டாலில் வேலைக்குச் சேர்ந்து பத்தாண்டுகள் இருந்தார். மண்கலையைப் பற்றியும் மெருகைப் பற்றியும் பிற்காலத்தில் அவருக்குத் தெரிந்திருந்ததெல்லாம், ஆய்வுக்கூட மேசைக்கும் சூளை வாசலுக்கும் இடையே நடந்து நடந்து அவராகக் கற்றுக்கொண்டது.

அந்த ஆலையின் பெருமை வேறு மாதிரியானது. கிரெப்ஸ் பிறந்த அதே 1895-ல்தான் அது தன் முதல் கிறிஸ்துமஸ் தட்டை வெளியிட்டது: வெள்ளைப் பீங்கானில் நீல ஓவியம், அதன்மேல் பளபளக்கும் நிறமற்ற பூச்சு. அங்கே ஓவியர்தான் ராஜா. ஓவியத்தைக் காப்பாற்றுவதோடு மெருகின் வேலை முடிந்துவிடும். அது கண்ணில் படாமல் இருந்தால்தான் சிறப்பு. கிரெப்ஸின் மனம் போனது நேர் எதிர்த் திசையில்.

அந்தத் திசையைக் காட்டியவை பழைய சீனக் கலங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவில் ரயில்பாதை போடத் தோண்டியபோது பழைய கல்லறைகளிலிருந்து சோங் காலத்துக் கலங்கள் வெளிவந்தன. 960 முதல் 1279 வரை ஆண்ட அந்த அரச மரபின் காலத்தில் வனைந்தவை. அவை ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மண்கலை பற்றிய பார்வையே மாறிப்போனது. (நமக்கு அந்தச் சரக்கு அவ்வளவு அந்நியமல்ல. ராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினத்தில் அகழ்ந்தபோது சோங், யுவான் காலத்துச் சீனக் கல ஓடுகள் கிடைத்திருக்கின்றன.) சோங் கலங்களில் ஓவியம் அபூர்வம். வடிவமும் மெருகுமே போதும் என்று அவை நின்றன. இங்கிலாந்தில் பெர்னார்ட் லீச் மண்கலையை ஜப்பானில் குருவிடம் கற்று வந்தார். டென்மார்க்கில் ஸ்வீடன்காரரான பாட்ரிக் நோர்ட்ஸ்ட்ரம் மெருகை நம்பும் கலங்களுக்கு வழி திறந்திருந்தார். கிரெப்ஸ் அதை வேதியியல் வழியாக எட்டிப் பிடித்தார்.

1929-ல் குன்னார் நிலுண்ட் என்ற இளம் கலைஞரோடு சேர்ந்து சொந்தப் பட்டறை தொடங்கினார். அடுத்த ஆண்டே அது சாக்ஸ்போ ஆனது. நிலுண்ட் சீக்கிரமே ஸ்வீடனின் ரோர்ஸ்ட்ரான்ட் ஆலைக்குப் போய்விட, பட்டறை கிரெப்ஸின் தலையில் விழுந்தது. கோபன்ஹேகனை ஒட்டிய ஹெர்லெவில் அதை நிலைநிறுத்தி, 1968 வரை நடத்தினார்.

அவர் கையாண்டது ஸ்டோன்வேர் என்னும் வகை. நம் வீட்டு ஊறுகாய் ஜாடியின் சாதி அது: கெட்டியான உடல், நீர் கசியாது, தட்டினால் கணீர் என்று ஒலிக்கும். சுமார் 1,300 டிகிரி செல்சியஸ் வரை சுட வேண்டும். அந்த வெப்பத்தில் பெரும்பாலான நிறப்பொருள்கள் தாக்குப் பிடிக்காமல் எரிந்து போய்விடும். இரும்பு, செம்பு, கோபால்ட், மாங்கனீஸ் என்று சிலதான் தேறும். இந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதுதான் கிரெப்ஸின் வாழ்நாள் கேள்வி.

இரும்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். பூச்சில் நூற்றுக்கு ஒரு பங்கோ இரண்டு பங்கோ இரும்பு ஆக்சைடு சேர்த்து, சூளைக்குள் காற்றைக் குறைத்து எரித்தால், நெருப்பு தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனை அந்த ஆக்சைடிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும். வெளியே வருவது செலடான் எனப்படும் சாம்பல் கலந்த பச்சை. அதே இரும்பை எட்டு, பத்து பங்காகக் கூட்டினால் கரும்பழுப்பு. உருகிய நிலையில் பூச்சு அத்தனை இரும்பையும் ஏற்றுக்கொள்கிறது. ஆறும்போது அதைத் தாங்க முடியாமல் மேல்பரப்புக்குத் தள்ளிவிடுகிறது. அப்படித் தள்ளப்பட்ட இரும்புதான் கீற்றாகவும் புள்ளியாகவும் தெரிகிறது. சீனர்கள் முயல்மயிர் என்று பெயரிட்ட அழகு இது. சூளையை வேகமாக ஆறவிட்டால் பளபளப்பு. மெல்ல ஆறவிட்டால் கண்ணுக்குத் தெரியாத படிகங்கள் வளர்ந்து மேற்பரப்பு மங்கி, வெளிச்சத்தை ஒரே பக்கமாகத் திருப்பி அடிக்காமல் மென்மையாகச் சிதறவிடும். சாக்ஸ்போவின் தனி அடையாளம் இந்த மங்கல்தான். பட்டுப்போல் என்று விற்பனைக் குறிப்புகளில் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. பட்டுக்கு மினுக்கு உண்டு. இதற்கு ஆழம் உண்டு.

இன்னொரு சிக்கல் ஓட்டம். பூச்சு உருகினால்தான் நிறம் மலரும். அளவு மீறி உருகினால் வழிந்து சூளைத் தட்டில் ஒட்டி, கலம் வீணாகிவிடும். சுண்ணாம்பும் ஃபெல்ட்ஸ்பாரும் உருக வைக்கின்றன, அலுமினா பிடித்து நிறுத்துகிறது. பாதத்துக்கு மேலே அந்தப் பூச்சு சொல்லிவைத்தாற்போல நிற்பதற்குக் காரணம், இந்த மூன்றின் அளவும் நெருப்பின் நேரமும் கைவசமானதுதான். சூளை தந்த அதிர்ஷ்டம் என்று இதைச் சொல்வது அநியாயம். அதே மெருகு அடுத்த ஜாடியிலும் அதற்கடுத்த ஜாடியிலும் வர வேண்டும். சாக்ஸ்போ அப்படித்தான் வேலை செய்தது: ஒரே வடிவம் பல மெருகுகளில் வரும், ஒரே மெருகு பல வடிவங்களில் வரும்.

வடிவத்துக்கு ஏவா ஸ்டேர்-நீல்சன் வந்தார். 1911-ல் பிறந்தவர், 1932-ல் இருபத்தொரு வயதில் பட்டறைக்குள் நுழைந்து, அது மூடப்படும்வரை இருந்தார். அவருடைய வடிவங்கள் நிதானமானவை. முட்டை, கனி, விதை இவற்றின் திரட்சி கொண்டவை. மெருகு ஓடுவதற்கு எங்கே சரிவு வேண்டும், தங்குவதற்கு எங்கே விளிம்பு வேண்டும் என்று தெரிந்து வனைந்த வடிவங்கள். முப்பத்தாறு ஆண்டுகள் ஒருவர் உடலைக் கொடுக்க, மற்றவர் தோலைக் கொடுத்தார். இத்தனை நீண்ட, இத்தனை சமமான கூட்டு மண்கலையில் அரிது.

சில ஆண்டுகள் மட்டும் வந்து போனவர்களும் உண்டு. ஆக்ஸல் சால்டோ 1930-களின் தொடக்கத்தில் இங்கே வேலை செய்தார். அவருடைய கலங்கள் மொட்டு விட்டு, முளைத்து, புடைத்து நிற்பவை. ஏவாவின் அமைதிக்கு முற்றிலும் மாறானவை. மேட்டில் மெலிந்து பள்ளத்தில் தேங்கும் மெருகு இல்லாவிட்டால் அந்தப் புடைப்புகள் வெறும் முண்டுகளாகவே தெரிந்திருக்கும். பின்னாளில் டென்மார்க்கின் தலைசிறந்த மண்கலைஞர்களில் ஒருவராக மதிக்கப்பட்ட கெர்ட்ரூட் வாஸகோரும் இளமையில் இந்தப் பட்டறையில் வேலை பார்த்தவர்தான்.

பட்டறை 1968-ல் மூடப்பட்டது. ஏவா ராயல் கோபன்ஹேகன் பீங்கான் ஆலைக்குப் போனார். கிரெப்ஸ் 1978-ல் காலமானார்.

இன்று ஏல அறிவிப்புகளில் சாக்ஸ்போ ஜாடி வரும்போது பெரும்பாலும் வடிவம் தந்தவரின் பெயர்தான் முன்னால் நிற்கிறது. ஏவாவின் புகழில் எனக்கு மனக்குறை ஏதுமில்லை, அவர் அதற்கு முழுத் தகுதி உடையவர். ஆனால் மெருகு செய்தவரைத் தொழில்நுட்ப உதவியாளராகப் பார்க்கும் பழக்கம் ஒழிய வேண்டும். வரைவதும் வனைவதும் கலை, கலப்பதும் சுடுவதும் வெறும் வேலை என்ற பாகுபாட்டை அந்த ஜாடியின் தோளே பொய்யாக்குகிறது. கோபன்ஹேகன் போக வாய்ப்புள்ளவர்கள் டிசைன் மியூசியத்துக்குப் போங்கள். சாக்ஸ்போ கலம் கண்ணில் பட்டால் இரண்டடி தள்ளி நின்று வடிவத்தைப் பாருங்கள், பிறகு கிட்டே போய் மெருகைப் பாருங்கள். அதைப் பற்றி எழுத நேர்ந்தால் இரண்டு பெயரையும் எழுதுங்கள்.