வந்து போவதும் எழுந்து நடப்பதும்

பக்கவாதம் வந்தவரை மருத்துவமனைக் கூடத்தில் நடக்க வைப்பது வேறு. அதே மனிதரை ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து வல்லக்கோட்டையில் அவர் வீட்டு நிலைப்படியைத் தாண்ட வைப்பது வேறு. மருத்துவமனையில் தரை சமமாக இருக்கும், இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கும். வீட்டில் நிலைப்படி ஒரு சாண் உயரம். கழிப்பறை பின்கட்டில், குந்தி உட்கார வேண்டிய வகை. கட்டிலோ எழ முடியாத அளவுக்குத் தாழ்வு, அல்லது கால் தரையில் படாத அளவுக்கு உயரம். இதையெல்லாம் கண்ணால் பார்க்காமல் எழுதித் தரும் பயிற்சிச் சீட்டு, வீட்டுக்குப் போனதும் சாமி படத்துக்குப் பின்னால் செருகப்பட்டுவிடும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்த இடைவெளியைத்தான் குறிவைத்தது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதோடு நிற்காமல், வட்டாரத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவரையும் ஓர் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரையும் வீடுகளுக்கு அனுப்பியது. படுத்த படுக்கையான ஒரு கிழவரின் வாசலில் அரசு அனுப்பிய பிசியோ வந்து நின்று, “தாத்தா, எங்க, எழுந்திருச்சுக் காட்டுங்க” என்று கேட்பது அதற்கு முன் நம் ஊர்களில் வழக்கமில்லாத காட்சி. தொற்றா நோய்த் தடுப்புக்கான ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் கூட்டுப் பணிக்குழு 2024-இல் இத்திட்டத்துக்கு விருது கொடுத்தது. தகுதி பார்த்துக் கொடுத்த விருதுதான். குறைகளைப் பேசப்போகும் நான் இதை முதலிலேயே சொல்லிவிட விரும்புகிறேன். இந்த வருகை நின்றுபோனால் பல வீடுகளில் வேறு யாரும் வரப்போவதில்லை.

வீட்டுக்குப் போவதால் என்ன கிடைக்கிறது? ஓர் உதாரணம் போதும். வலது பக்கம் வராமல் போன ஒருவரை எழுப்பும்போது, வீட்டில் உள்ளவர்கள் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்குவார்கள், அல்லது விழுந்துபோன கையைப் பிடித்து இழுப்பார்கள். தசையின் பிடி தளர்ந்த தோள்பட்டை அதில் நழுவி இறங்கும். பிறகு கால் தேறினாலும் தோள் வலி மட்டும் மாதக்கணக்கில் நிற்காது. மருத்துவமனையில் இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள். வீட்டில், அவர்கள் தூக்குவதைப் பார்த்த அந்த நொடியிலேயே கையைத் தட்டிவிட்டு, இடுப்பைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிப் பிடிக்கச் சொல்லலாம். பாதங்களைப் பின்னுக்கு இழுத்து வைத்து, மூக்கு முழங்காலைத் தாண்டும் வரை முன்னால் சாயச் சொன்னால், பாதி எடை தானாக மேலே வரும். பிளாஸ்டிக் நாற்காலி தாழ்வாக இருந்தால் இன்னொன்றை அதன் மேல் செருகிச் சுவரோடு ஒட்டிப் போட்டால் போதும். உயரமும் கூடும், பின்னால் நகரவும் செய்யாது. எந்தக் கருவியும் தேவைப்படாத இந்த வேலையை வெளிநோயாளிப் பிரிவின் நெரிசலில் செய்யவே முடியாது.

நோக்கமும் வீட்டில்தான் பிறக்கிறது. “எவ்வளவு தூரம் நடக்கணும்?” என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. வல்லக்கோட்டையில் ஓர் ஆயாவிடம் “எங்க போகணும்?” என்று கேட்டுப் பாருங்கள். கிருத்திகைக்கு முருகன் கோயிலுக்கு என்பார். அங்கே படி உண்டு, கூட்டம் உண்டு, வரிசையில் நிற்க வேண்டும். அவருக்கான பயிற்சித் திட்டம் அந்த ஒரு பதிலிலேயே முடிவாகிவிடுகிறது.

சிக்கல் எங்கே என்றால், அளவில். மாத்திரைக்கு மில்லிகிராம் இருப்பதுபோல் இயன்முறைச் சிகிச்சைக்கும் அளவு உண்டு. எத்தனை முறை, எவ்வளவு நேரம், எவ்வளவு கடினம் என்பதே அந்த அளவு. பக்கவாதத்துக்குப் பிறகு இழந்த அசைவில் பெரும்பகுதி திரும்புவது முதல் மூன்று மாதங்களில். ஆறு மாதத்துக்குப் பின் வேகம் குறைந்துவிடும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டி, தேவையுள்ளவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 3 மணி நேரம், வாரத்தில் குறைந்தது 5 நாட்கள் மறுவாழ்வுச் சிகிச்சை என்கிறது. அவ்வளவு நமக்கு எட்டாது என்றே வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு மூன்று முறை போதும் என்று இறங்கி வந்து ஒரு கணக்குப் போடலாம். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் 58 ஊராட்சிகள். ஒரு பிசியோ நாளுக்கு 6 வீடு, மாதம் 25 நாள் என்று ஓய்வில்லாமல் சுற்றினாலும் 150 வருகை. ஒருவருக்கு மாதம் 12 வருகை என்றால், மொத்த வட்டாரத்திலும் 12 பேரைத்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும். எல்லோரையும் பார்க்கப் போனால் ஒருவருக்கு மாதத்தில் ஒரு முறை, இரண்டு முறை. மற்ற நாட்களுக்கு, “வீட்டில இருக்கிறவங்க செஞ்சு விடுங்க.”

வீட்டில் இருக்கிறவர்கள் யார்? இந்தத் திட்டம் மனத்தில் வைத்திருக்கும் குடும்பத்தில் பகலில் ஒரு மருமகளோ மகளோ இருக்கிறார். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையில் அப்படிப்பட்ட வீடு குறைந்துகொண்டே வருகிறது. மகன் ஒரு ஷிப்ட், மருமகள் இன்னொரு ஷிப்ட். அதிகாலையில் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும், இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்க வேண்டும். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியதிலிருந்து, 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், பிறகு டைம்லர், வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டு என்று இந்தப் பகுதி மாறிய மாற்றத்தில் இளையவர்களுக்கு வேலை கிடைத்தது. அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் நிலம் போன பிறகு முதியவர்களின் உடல் உழைப்பும் போனது. வரப்பில் நடந்தவர்கள், களை எடுக்கக் குந்தி உட்கார்ந்தவர்கள், இப்போது வாடகை வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தொடைத் தசை வற்றுவதற்கு நோயே வேண்டாம்; உட்கார்ந்திருப்பதே போதும்.

குடும்பத்தைப் பழக்கிவிட்டால் போதும் என்ற எண்ணத்தை இந்தியாவிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ‘அட்டெண்ட்’ என்ற ஆய்வு, 14 மருத்துவமனைகளில் பக்கவாதம் வந்த 1,250 பேரைச் சேர்த்து, பாதிப் பேரின் குடும்பத்தாருக்கு மறுவாழ்வுப் பயிற்சி கொடுத்தது. முடிவு 2017-இல் லான்செட் இதழில் வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்களோ பிறரைச் சார்ந்தே வாழ்பவர்களோ இரண்டு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவு. பயிற்சி பெற்ற குடும்பம் பயிற்சி பெறாத குடும்பத்தைவிடக் கூடுதலாக எதையும் மீட்டெடுக்கவில்லை. குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுப்பது வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தோளைக் காப்பதும் படுக்கைப் புண்ணைத் தடுப்பதும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. ஆனால் பயிற்சி பெற்ற ஆளின் வேலையைக் குடும்பத்தின் தலையில் ஏற்றிவிட்டு, சிகிச்சை நடக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருக்க முடியாது. அந்தச் சுமை பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது, இரவு ஷிப்ட் முடித்து வந்த பெண்ணின் தலையிலும்கூட.

இரண்டாவது குறை, திட்டம் எதை எண்ணுகிறது என்பது. எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று எண்ணுகிறோம். ஒரு கோடியாவது பயனாளிக்கு மருந்துப் பெட்டகம் கொடுத்தது 2022 டிசம்பரில் பெரிய செய்தி. மாத்திரைக்கு அந்தக் கணக்குப் பொருந்தும், கொடுத்தால் கொடுத்ததுதான். இயன்முறைச் சிகிச்சையில் ஒருவரைப் பார்த்ததற்கும் அவர் தேறியதற்கும் நடுவில் நீண்ட தூரம் இருக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பது உலகம் முழுக்கப் பயன்படும் எளிய சோதனை. 12 நொடிக்கு மேல் போனால் விழும் ஆபத்து உண்டு என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் வைத்திருக்கிறது. ஒரு செல்போன், ஒரு நாற்காலி, தரையில் ஒரு சாக்பீஸ் கோடு இருந்தால் போதும். முதல் வருகையில் 31 நொடி, மூன்றாம் மாதத்தில் 19 நொடி என்று பதிவேட்டில் இரண்டு எண் இருந்தால், அந்த வருகைகள் எதைச் செய்தன என்று யாருக்கும் புரியும். எண்ணிக்கையை மட்டும் கேட்டால் எண்ணிக்கைதான் வரும்; ஒரே தெருவில் லேசான மூட்டுவலிக்காரர்கள் ஆறு பேரைப் பார்ப்பது, படுக்கையில் இருக்கும் ஒருவரை முக்கால் மணி நேரம் எழுப்பி நிறுத்துவதைவிட ‘நல்ல’ நாளாகிவிடும். ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் இளம் பிசியோவை இதற்குக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. கேட்கப்படுவதைத்தான் அவர் தருகிறார்.

பணம் போகும் வழியும் இதே கோணல்தான். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒருவர் அடிபட்டால், 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ஏற்றுக்கொள்கிறது. உயிர் காக்கும் திட்டம், சந்தேகமில்லை. நாற்பத்தொன்பதாவது மணி நேரத்திலிருந்து அந்த உயிர் எப்படி வாழ்வது என்பதற்கு அதே உறுதியோடு யாரும் பொறுப்பேற்கவில்லை. முதல்வரின் காப்பீட்டில் மூட்டு மாற்று அறுவை செய்துகொள்ளலாம். அதற்குப் பிறகு முழங்காலை மடக்கி நீட்டப் பழக்கும் வாரங்களை அறுவைக்குச் சமமாக மதிக்கும் ஏற்பாடு இல்லை. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளியின் இ.எஸ்.ஐ. அட்டையில், மாத வருமானம் 9,000 ரூபாயைத் தாண்டாத பெற்றோரும் சேர்கிறார்கள். இது தெரியாத குடும்பங்கள் உண்டு; தெரிந்தாலும், நடக்க முடியாத அப்பாவைச் சென்னை கே.கே. நகர் வரை வாரத்துக்கு மூன்று முறை யார் அழைத்துப் போவது? கிண்டியில் 200 படுக்கையோடு 2024 பிப்ரவரியில் திறந்த தேசிய முதியோர் நல மையத்துக்கும் இதே கேள்விதான்.

இயன்முறை மருத்துவர்களான எங்கள் தொழிலின் பங்கும் இதில் இருக்கிறது. “கரண்ட் வைங்க சார், ரெண்டு நாளில் சரியாப் போயிடும்” என்று நோயாளி கேட்பதற்குக் காரணம், பல கிளினிக்குகள் அதைத்தான் சிகிச்சை என்று பழக்கியிருக்கின்றன. கரண்ட் பெட்டியை வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கலாம். எழுந்து உட்காரும் பயிற்சியில் கூடவே நிற்க வேண்டும். எண்ணெய் போட்டு நீவுகிறவரிடமும் புத்தூர்க் கட்டுக்கும் மக்கள் போவது அறியாமையால் மட்டுமல்ல. அவர்கள் தொட்டுப் பேசி, தொடர்ந்து வரச் சொல்கிறார்கள். அந்தத் தொடர்ச்சியை நாம் ஏன் கொடுக்கவில்லை என்பதே நம்மைக் குடைய வேண்டிய கேள்வி.

வருகைகளைச் சமமாகப் பங்கிடுவதை விட்டுவிட வேண்டும் என்பது என் நிலைப்பாடு. பக்கவாதமோ இடுப்பெலும்பு முறிவோ வந்து வீடு திரும்பியவருக்கு முதல் மூன்று மாதம் வாரம் மூன்று முறை, தவறாமல். மற்றவர்களை ஊர்ப் பொதுக் கூடத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வரவழைத்து, பத்துப் பதினைந்து பேராக வாரத்துக்கு இரண்டு முறை சேர்ந்து பயிற்சி. உடற்பயிற்சி, குறிப்பாகச் சமநிலைப் பயிற்சி, முதியோர் விழுவதை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைக்கிறது என்று 2019-இன் காக்ரேன் தொகுப்பாய்வு காட்டியிருக்கிறது. குழுவாகச் செய்தாலும் பலன் உண்டு. மாத்திரை கொண்டுவரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலருக்குக் கூடுதல் ஊதியம் கொடுத்து, குழுவை நடத்தப் பழக்கலாம். கூடுதல் ஊதியம் இல்லாமல் இதைக் கேட்பது நியாயமில்லை, ஏற்கெனவே அவர்களிடம் நிறையச் சுமத்தியாயிற்று. 2021-இல் தமிழக மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 விழுக்காடு, 2031-இல் 18.2 விழுக்காடாக உயரும் என்பது அரசின் சொந்த மதிப்பீடு. வட்டாரத்துக்கு ஒருவர் என்ற கணக்கு அதுவரை தாங்காது.

இந்த ஏற்பாட்டிலும் விடுபடுகிறவர்கள் உண்டு. மறதி நோய் வந்தவர்கள் குழுவில் நிற்க மாட்டார்கள். கூடத்துக்கு வரும் வழியில் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையைக் கடக்க வேண்டியிருந்தால் எந்த ஆயாவும் வரமாட்டார். ஆண்கள் சேர்ந்து பயிற்சி செய்யக் கூச்சப்படுவார்கள். பெண்கள் வருவார்கள், பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இடம் வேண்டும் என்றால், அங்கன்வாடிக்குப் பக்கத்திலேயே குழுவைக் கூட்டலாம். நேரத்தையும் பள்ளி மணியை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஷிப்ட் பஸ் போன பிறகு, வெயில் ஏறுவதற்கு முன், காலை ஏழரைக்குத் தொடங்க வேண்டும்.