காதல் இளவரசனும் வேலையற்ற இளைஞனும்: கமல்ஹாசனின் தொடக்ககாலம் பற்றிய ஒரு நோக்கு

நட்சத்திர நடிகரின் புகழை அவரது தனித்திறமையின் விளைவாக மட்டும் காண்பது நமது சினிமா விமர்சனத்தின் நெடுநாளைய குறைபாடாகும். திறமை இன்றியமையாதது, ஆயின் அது எப்போது, எவ்வடிவில் சந்தைப்படுகின்றது என்பதைச் சமூக நிலைமைகளே தீர்மானிக்கின்றன. கமல்ஹாசனின் தொடக்ககாலம் இதற்குத் தக்க சான்றாகும்.

1960இல் ஏவி.எம். தயாரித்த 'களத்தூர் கண்ணம்மா'விற் குழந்தை நடிகராக அறிமுகமான அவர், பின்னர் டி. கே. சண்முகத்தின் நாடகக் குழுவிலும் நடன ஆசிரியர் தங்கப்பனிடத்தும் பயின்றார். மேடை ஒழுங்கும் நடனப் பயிற்சியும் அவரிடத்து இணைந்தன. வளர்ந்த பின், கே. பாலசந்தரின் 'அரங்கேற்றம்' (1973) கவனத்தை ஈர்த்தது. 'அபூர்வ ராகங்கள்' (1975), தெலுங்கில் 'மரோசரித்ரா' (1978) ஆகியன அவரை இளைஞரின் ஆதர்ச நாயகனாக்கின. 'காதல் இளவரசன்' என்னும் பட்டமும் வந்து சேர்ந்தது.

இவ்வெழுச்சியின் காலம் மனங்கொள்ளத்தக்கது. 1977இல் எம்.ஜி.ஆர். முதலமைச்சராகித் திரையை விட்டு நீங்கினார். அவரது நாயகன் ஏழைகளின் காவலன். கூட்டு நியாயவேட்கையைத் தனியொருவனின் கைவன்மையாகச் சுருக்கினாலும், அவ்வேட்கையை அவன் மறுக்கவில்லை. புதிய நாயகனோ தனிமனித ஆசையின் உருவம். கல்வி கற்றும் தொழில் கிட்டாத தலைமுறைக்குத் தொழிலுக்குப் பதிலாகக் காதல் வழங்கப்பட்டது.

எனினும் கலைஞர் இவ்வச்சினுள் முற்றாக அடங்கினாரல்லர். '16 வயதினிலே' (1977) சப்பாணி, அழகிய நாயகனென்ற படிமத்தையே துறந்த பாத்திரம். 'வறுமையின் நிறம் சிவப்பு' (1980) பட்டதாரியின் பசியை நேர்நின்று காட்டியது. அவன் முடிதிருத்தும் தொழிலை ஏற்பதோடு சமூகப் பிரச்சினை தனிமனித மானப் பிரச்சினையாகக் குறுகிவிடுகின்றதாயினும், கேள்வியேனும் எழுப்பப்பட்டது. ஈராண்டுகளின் பின், அதே ஏவி.எம். தயாரித்த 'சகலகலா வல்லவன்' (1982) வர்க்க முரண்பாட்டைத் திருமண உறவினாலே தீர்த்துவைத்தது. பெருவெற்றி பெற்றதும் இதுவே.

நமக்கு இது அயல்நாட்டுச் செய்தியன்று. வேளாண்மையும் மீன்பிடியும் வாழ்வாதாரமான ஈச்சிலம்பற்றிலும், படித்த இளைஞன் உத்தியோகத்துக்கு வெளியூரையே நோக்கவேண்டியவன். வேலையின்மையின் கொதிப்பு 1971இல் இந்நாட்டிற் கிளர்ச்சியாகவே வெடித்தது. அத்தகைய இளைஞன் திரைநாயகனின் சிகையலங்காரத்தைப் பின்பற்றுவானாயின், அவனை ஏளனஞ் செய்வது விமர்சனமாகாது. அவனது ஆசை மெய்யானது. அதற்குத் தரப்பட்ட விடையே பொய்யானது. இவ்விரண்டையும் பிரித்துணர்த்துவதே முற்போக்கு விமர்சகனின் பணியாகும்.