கணப்பும் கணக்கும்

நெடுநல்வாடையைப் பயின்றோர் அதில் வரும் இரண்டு நெருப்புகளை மறந்திருக்க மாட்டார்கள். ஒன்று, மழையில் நனைந்து நடுங்கும் இடையர் கையில் ஏந்திய கொள்ளி. மற்றது, மாடங்களில் வாழ்வோர் வாடைக்கு அஞ்சிக் கதவடைத்து, 'தடவு' என்னும் வாயகன்ற கலத்தில் வளர்த்துக் காய்ந்த செந்நெருப்பு. நக்கீரர் இரண்டையும் ஒரே பாட்டில் வைத்தார். தீர்ப்பை நம்மிடம் விட்டார்.

அந்தத் தடவு இன்று புது வடிவில் கடுகண்ணாவைக்கும் வந்திருக்கிறது. இடம் விட்டு இடம் தூக்கிச் செல்லத்தக்க எரிவாயுக் கணப்பு அது. கணவாய்க்கு மேலே ஒரு விடுமுறை விடுதியைப் பராமரிக்கும் என் பழைய மாணவன் ஒருவன், மூன்று கணப்புகளின் விளக்கக் கையேடுகளோடு என்னிடம் வந்தான். "முதலாளி ஒண்டு எடுக்கச் சொல்றார், சேர். விறாந்தைக்கும் வேணும், கூடாரம் அடிக்கிற ஆக்களுக்கும் வேணும். எது நல்லது?" என்றான். தமிழ் படித்தவனிடம் கேட்கும் கேள்வியா என்று முதலில் நகைத்தேன். கையேடும் ஒரு பனுவல்தானே, திறனாய்ந்து பார்ப்போம் என்று அமர்ந்தேன்.

மூன்று கையேடுகளிலும் அழகு மிகுந்திருந்தது, கணக்குக் குறைந்திருந்தது. பெரிய கணப்பின் வெப்பத்திறன் மணிக்கு 50,000 பிரித்தானிய வெப்ப அலகு. அது நல்லதா தீயதா என்பதை அந்த எண் சொல்லாது. நாம் மாற்றிப் பார்க்க வேண்டும். அவ்வளவு வெப்பத்துக்கு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1.1 கிலோகிராம் எரிவாயு வேண்டும். நம் வீடுகளிலுள்ள 12.5 கிலோ சிலிண்டர் பதினொரு மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். நால்வர் உண்ணும் என் வீட்டில் ஒன்றரை மாதச் சமையல், விடுதி விறாந்தையில் நான்கு மாலைப்பொழுதுகளில் எரிந்துபோகும். 2022 ஏப்ரலில் அந்தச் சிலிண்டரின் விலை 4,860 ரூபாவாக உயர்ந்ததையும், வெற்றுச் சிலிண்டர்களோடு மக்கள் தெருவில் காத்துக் கிடந்ததையும் மறந்தவரே இக்கணக்கைச் சிறிதென்பர்.

'புரொப்பேனுக்கு உரியது' என்று கையேடு சொல்வதையும் ஆராய வேண்டும். புரொப்பேன் குளிர்நாட்டு எரிபொருள். பூச்சியத்துக்குக் கீழ் 42 பாகை செல்சியசிலேயே கொதித்து வாயுவாகும். பியூட்டேனோ பூச்சியப் பாகையை ஒட்டியே கொதிக்கும். ஆதலின் வெப்பநாடாகிய நமது சிலிண்டரில் பியூட்டேனே மிகுதியாகக் கலந்து வந்தது. நமது வெப்பநிலையில் புரொப்பேனின் அழுத்தம் பியூட்டேனினதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். இக்கலவை விகிதத்தை மாற்றியதன் விளைவை 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடே கண்டது. வீடு வீடாக அடுப்புகள் வெடித்தன. ஜனாதிபதி நியமித்த குழு, விகித மாற்றமே முதன்மைக் காரணம் என்று கண்டறிந்தது. அந்நிய நாட்டுச் சிலிண்டருக்குச் செய்த அழுத்தச் சீராக்கியை மாற்றுப் பூட்டு வைத்து நம் சிலிண்டரில் மாட்டுவது எத்துணை ஆபத்து என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

கூடாரக்காரர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அலகல்ல மலையில் இரவு தங்கும் இளைஞர் மூட்டும் விறகுத்தீ, வறண்ட மாதங்களில் ஒரு கங்கை விட்டுவைத்தாலும் புற்சரிவு முழுவதும் பற்றிக்கொள்ளும். எரிவாயுத் தீ, திருகை மூடினால் அணைந்துவிடும், பொறியும் பறவாது. ஆனால் 'கையடக்கம்' என்ற சொல் கணப்பைத்தான் குறிக்கிறது. சிலிண்டரின் சுமையைச் சொல்லவில்லை. 2.3 கிலோச் சிலிண்டரைச் சுமந்து சென்று பெருங்கணப்பில் மாட்டினால், விரைந்து ஆவியாகும் திரவம் தானே குளிர்ந்து அழுத்தம் தாழ்ந்து, சுடர் சோர்ந்துவிடும். மலைக்குச் சிறு கணப்பே தகும்.

மாடத்தார் கதவடைத்துக் காய்ந்ததை நாம் பின்பற்றலாகாது. ஒட்சிசன் குறைந்த இடத்தில் எரியும் நெருப்பு காபனோரொட்சைட்டை உண்டாக்கும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கூடாரத்துக்குள்ளும், அடைத்த விறாந்தையிலும் கணப்புக்கு இடமில்லை. கசியும் எரிவாயு காற்றினும் கனமானது. பள்ளத்தில் தேங்கி நிற்கும். அழகுக்காக ஆற்றுக் கற்களை இட்டால், உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிக் கல் வெடித்துத் தெறிக்கும். சுடர் அவிந்தால் வாயுவைத் தானே அடைக்கும் பொறி இல்லாத கணப்பு எவ்வளவு மலிவாயினும் வேண்டா. அகலாமலும் அணுகாமலும் தீக்காய வேண்டும் என்று வள்ளுவர் மன்னரைச் சேர்ந்தொழுகுதற்குச் சொன்ன உவமை, இங்கே உவமையாகவன்றி நேர்ப்பொருளாகவே பொருந்துகிறது.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபின் ஒன்று கேட்டேன்: "சிலிண்டரை மாற்றுவது யார்?" "நான்தான், சேர். நான் இல்லாட்டி தோட்டத்துப் பொடியன் ஒருவன்" என்றான். கையேட்டின் எச்சரிக்கைகள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்தன. காய்பவர் படிக்கக்கூடிய மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. பூட்டைத் திருகுபவன் படிக்கக்கூடிய மொழியில் எழுதப்படவில்லை. அம்மூன்று கையேடுகளின் பெருங்குறை இதுவே. எழுத்துக் குறை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. வெடித்தால் முதலில் எரியும் கை எது என்பதை எண்ணிப் பாருங்கள்.

மூன்றில் சிறியதை, தானே அடைக்கும் பொறியுள்ளதை, உள்ளூர்ச் சிலிண்டருக்குரிய சீராக்கியோடு வாங்கச் சொன்னேன். எச்சரிக்கைகளைத் தமிழில் நானும் சிங்களத்தில் என் சக ஆசிரியர் ஒருவரும் எழுதிக் கொடுத்தோம்; சிலிண்டரின் பக்கத்துச் சுவரில் அவை ஒட்டப்பட்டுள்ளன.

புறப்படும்போது, "அம்மா இன்னும் லயத்தில விறகுதான் எரிக்கிறா, சேர். கேஸ் எடுத்துக் குடுக்கலாமெண்டா சிலிண்டருக்குக் காசு சேருதில்ல" என்றான் அவன். விறகடுப்பின் புகையைக் கிராமியச் செவ்வி என்று பாடும் எழுத்தாளர் அந்த அம்மாவின் இருமலைக் கேட்டதில்லை. விடுதியில் நான்கு மாலைகளில் எரியும் வாயு அந்த லயத்துக்கு ஒரு மாதத்துக்கும் மேல் போதும். கணப்பு வாங்குவதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதை வாங்குவது என்ற கேள்வியோடு, இந்தக் கணக்கையும் நம் மாணவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டியது ஆசிரியர்களாகிய நம் கடமை.