மதுரை வீரன் (1956): திரைப்படம் மாற்றியதும் மாற்றாததும்

மதுரை வீரன், 1956 ஏப்ரல் 13 அன்று வெளிவந்த தமிழ்த் திரைப்படம். லேனா செட்டியாரின் கிருஷ்ணா பிக்சர்ஸ் தயாரித்தது. டி. யோகானந்த் இயக்கினார். கண்ணதாசன் உரையாடல் எழுத, ஜி. ராமநாதன் இசையமைத்தார். எம்.ஜி.ஆர் வீரனாகவும் பானுமதி பொம்மியாகவும் பத்மினி வெள்ளையம்மாளாகவும் நடித்தனர். தமிழகத்தில் பரவலாகப் பாடப்பட்ட கதைப்பாடல் ஒன்றே இதன் மூலம்.

கதை நாட்டார் மரபுக்கே உரிய முறையில் தொடங்குகிறது. அரசனுக்குப் பிறந்த குழந்தையால் நாட்டுக்குக் கேடு வரும் என்று சோதிடர் சொல்ல, குழந்தை காட்டில் விடப்படுகிறது. செருப்புத் தைக்கும் சின்னானும் அவன் மனைவியும் அதை எடுத்து வளர்க்கின்றனர். கர்ணன் முதல் கிரேக்கத்து ஈடிபஸ் வரை உலகெங்கும் காணப்படும் கதைக்கூறுதான் இது. ஆனால் இங்கே அதற்கு வேறொரு வேலையும் இருக்கிறது. பாளையக்காரரின் மகளை மணந்த அருந்ததியர் இளைஞன் கதையின் நாயகன். அவன் உண்மையில் அருந்ததியன் அல்லன், அரசன் மகன் என்று சொல்லிவிட்டால் அந்த மணத்தின் கூர்மை மழுங்கிவிடும்.

இதைத் திரைப்படம் கண்டுபிடிக்கவில்லை. அச்சான கதைப்பாடலிலேயே காசி அரசன் வருகிறான். ஆகவே மூலத்துக்கு உண்மையாக இருந்தோம் என்று படக்குழு சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த உண்மை எதுவரை?

கதைப்பாடலில் வீரன் வெள்ளையம்மாள்மேல் ஆசை கொண்டு, இரவில் அவளைக் கவர்ந்துசெல்லப் போகிறான். காவலர் கையில் கள்வனாக அகப்பட்டு மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான். அவனை நாம் முழுக்க நல்லவன் என்று சொல்ல முடியாது. நாட்டார் தெய்வங்கள் பலவும் அப்படித்தான்: செய்த பிழையும் பெற்ற தண்டனையும் சேர்ந்தே அவர்களுக்குப் பீடம் அமைக்கின்றன. படத்திலோ வெள்ளையம்மாள்மேல் ஆசை கொள்பவர் திருமலை நாயக்கர். நரசப்பனின் சூழ்ச்சியும் சேர, வீரன் குற்றமற்றவனாகத் தண்டனை பெறுகிறான். எம்.ஜி.ஆரின் திரைப்பிம்பத்துக்கு ஏற்ப முடிவையே திருத்த முடிந்திருக்கிறது. அரசன்மீது பழி போடவும் தயக்கம் இல்லை. இவ்வளவையும் மாற்றத் துணிந்தவர்கள் பிறப்பை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்கள். படத்தின் பெரிய குறை என நான் கருதுவது இதைத்தான்.

அருந்ததியர் தரப்பில் வீரன் தங்கள் குடியிலேயே பிறந்தவர் என்னும் கருத்து வலுவாக உள்ளது. கதைப்பாடலின் உள்ளேயும் அதற்கு இடமிருக்கிறது. பூப்பெய்திய பொம்மி ஊருக்கு வெளியே குடிசையில் தனித்திருக்கிறாள். அதற்குக் காவல் சின்னானின் குடும்பத்தின் கடமை. தீட்டுக்குக் காவலாக ‘தீண்டத்தகாதவரை’ வைத்த சமூகத்தில், அந்தக் காவலிலேயே காதல் முளைக்கிறது. மழை இரவில் தந்தைக்குப் பதிலாகக் காவலுக்குச் செல்லும் மகனின் கதைக்கு அரசகுலம் தேவையே இல்லை.

இத்தகைய ‘திருத்தம்’ தென்காசிப் பக்கத்துக்குப் புதியதன்று. திருவேங்கடம், சங்கரன்கோவில் வட்டாரம் அடங்கிய பழைய நெல்லைச் சீமையின் வில்லுப்பாட்டுகளில் முத்துப்பட்டன் கதை புகழ்பெற்றது. பிராமணனான பட்டன், வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்காவை மணக்கக் குடுமியையும் பூணூலையும் அறுத்துச் செருப்புத் தைக்கிறான். பிற்காலப் பாடம் ஒன்றில் அப்பெண்கள் பிராமணருக்குப் பிறந்து பகடையிடம் வளர்ந்தவர்களாகிவிடுகிறார்கள். இக்கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை இதைப் பிற்காலச் சேர்க்கையாகக் கண்டார். வீரன் கதையில் நடந்ததும் இதுவே என்று ஐயப்பட வலுவான காரணம் உண்டு.

நாட்டார் கதையைப் படமாக்குபவர் மாற்றவே கூடாது என்பதில்லை. ஸ்லோவாக் இயக்குநர் யுராய் யாகுபிஸ்கோ, கிரிம் சகோதரர் தொகுத்த ஹோலே அம்மையார் கதையை 1985இல் ‘பெரின்பாபா’வாக எடுத்தபோது, மரணத்தையே ஒரு பாத்திரமாக்கி கதையை விரித்தார். அங்கே யாரும் ஹோலே அம்மையாருக்குச் சேவல் அறுப்பதில்லை. மதுரை வீரனுக்கு இன்றும் படையல் உண்டு, மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்தருகே சன்னிதியும் உண்டு. கும்பிடுபவர்களுக்கு இது தங்கள் முன்னோரின் வரலாறு.

படத்தின் சிறந்த பகுதி, படம் கருதியதற்கு எதிராகவே அமைந்துவிட்டது. சின்னானாக என்.எஸ். கிருஷ்ணனும் மனைவியாக டி.ஏ. மதுரமும் வரும் காட்சிகளில் உயிர் இருக்கிறது. அந்த வீட்டின் சிரிப்பும் கிண்டலும் பாசமும் காசி அரண்மனையில் இல்லை. பிள்ளையின் தாய் தந்தை யார் என்று அந்தக் காட்சிகளைப் பார்த்த குழந்தையைக் கேட்டால், இவர்களைத்தான் காட்டும்.

முத்துப்பட்டன், பட்டவராயன் என்ற பெயரில் பாபநாசம் மலைமேல் சொரிமுத்து அய்யனார் கோயிலில் இருக்கிறான். அவனுக்கு நேர்ந்துகொள்பவர்கள் இன்றும் செருப்பைத்தான் காணிக்கையாகக் கட்டுகிறார்கள்.